ஆற்றங்கரை வீட்டில் ஒரு பீர்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். தலைப்பைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் காலையிலேயே போன் பண்ணினார்கள். நூலகத்தில் போய் பீரைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டார் ஒருவர். கூட்டம் முடிந்ததும் ஏதாவது உண்டா என்று கேட்டார் இன்னொருவர். காபி உண்டு என்று இருவருக்கும் சொல்லிவிட்டேன்.

நான் சொல்லப்போகும் இடம் அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில், செயின்ட் அகஸ்டின் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. 1565-இல் ஸ்பெயின்காரர்கள் உண்டாக்கிய ஊர். அமெரிக்கப் பெருநிலத்தில் ஐரோப்பியர் வந்து குடியேறி, இன்றுவரை விட்டுப்போகாமல் வாழ்கிற ஊர்களில் இதுதான் மூத்தது. 1672-இல் தொடங்கி 1695-இல் முடித்த கோட்டை ஒன்று ஆற்றைப் பார்த்து நிற்கிறது. கடல் சிப்பிகள் இறுகிக் கல்லானதை வெட்டிக் கட்டியது. பீரங்கிக் குண்டு பட்டால் அந்தக் கல் உடையாதாம், குண்டை உள்ளே வாங்கிக்கொள்ளுமாம். 1702-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பார்த்தார்கள், முடியவில்லை. இப்போது எதிர்ப்புறத்துத் தீவுக்கு ஒரு பாலம் போகிறது. அதன் வாசலில் இரண்டு பளிங்குச் சிங்கங்கள். உள்ளூர் மருத்துவர் ஆண்ட்ரூ ஆண்டர்சன் கொடுத்த அன்பளிப்பு. முதல் உலகப்போர் வீரர்களுக்காக 1921-இல் ஒரு கொடிக்கம்பத்தையும் அவர்தான் நட்டுக் கொடுத்தார். அந்த இடத்துக்கு ஆண்டர்சன் வட்டம் என்று பெயர். அதன் பக்கத்தில், மட்டான்சஸ் ஆற்றைப் பார்த்தபடி, ஒரு பழைய வீடு. அதுதான் அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் 37-ஆம் போஸ்ட். கிளையைப் போஸ்ட் என்றுதான் அவர்கள் சொல்வார்கள்.

பேருக்குத்தான் ஆறு. உப்புத் தண்ணீர், கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற கழிமுகம். பெலிக்கன் பறவைகள், பாய்மரப் படகுகள், அக்கரையில் கலங்கரை விளக்கம். இந்தக் காட்சிக்காகவே பக்கத்து ஹோட்டல்களில் ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், ரூபாயில்தான் சொல்கிறேன். முன்னாள் சிப்பாய்கள் அதே காட்சியை ஒரு பீர் விலையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு உள்ளே போகத் தகுதி கிடையாது. என்சிசி சீருடைகூடப் போட்டதில்லை. ஜாக்சன்வில்லில் இருக்கிற என் மகளின் பக்கத்து வீட்டுக்காரர் கடற்படையில் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். விமானம் தாங்கிக் கப்பல்களில் வேலை பார்த்தவர். உறுப்பினர் கூட வந்தால் விருந்தினராக உள்ளே போகலாம். அப்படித்தான் போனேன். வாசலில் ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தார்: "தொப்பியைக் கழற்றிடுங்க சார். தலையில தொப்பியோட பார் பக்கம் போனா, மணி அடிச்சிடுவாங்க. அப்புறம் உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் நீங்கதான் வாங்கித் தரணும்." படைப்பிரிவு பார்களில் நடைமுறையில் இருக்கிற பழைய வழக்கம் இது. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த விதியில் யாருக்கும் விலக்கு கிடையாது.

வீர வசனங்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, வெளுத்த டி-சர்ட். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, படகு எஞ்சின், எந்தப் பாலத்தடியில் மீன் கடிக்கிறது, இதுதான் பேச்சு. போர்க்கதை சொல்பவர் யாராவது இருந்தால், அவர் அதிகம் போர் பார்க்காதவராக இருக்கும் என்று என் நண்பர் காதோடு சொன்னார். கேலிக்குப் பஞ்சம் இல்லை. மரீன் படைக்காரர்கள் கலர் கிரேயானைச் சாப்பிடுவார்கள் என்று மற்றப் படைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள், அவ்வளவு அறிவாளிகளாம். மரீன்களே சிரித்துக்கொண்டு, சிவப்புதான் ருசி என்பார்கள். இந்த ஊருக்கென்றே டாட்டில் என்று ஒரு மிளகாய் இருக்கிறது. அந்தச் சாஸை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, மூன்று பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாட்டுக்குச் சாப்பிட்டேன். அன்றைக்கு நம் நாட்டுக்கு என்னால் முடிந்தது அதுதான்.

அங்கே மேஜை துடைத்துக்கொண்டிருக்கிறவர் கர்னலாக இருந்திருக்கலாம். அவரை வேலை வாங்குகிறவர் சமையல் பிரிவில் சிப்பாயாக இருந்திருக்கலாம். வெளியில் இருந்து பார்த்தால் யார் யார் என்று தெரியாது, தெரியவும் கூடாது. லீஜனின் அமைப்புச் சட்டமே சொல்கிறது: இங்கே பதவி வரிசை கிடையாது, கூட்டத்தில் யாரையும் ராணுவப் பட்டத்தால் அழைக்கக் கூடாது. எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். அந்த அறையில் இருக்கிற சாவகாசம் தானாக வந்தது அல்ல. இருபது வருஷம் சல்யூட் அடித்தே பழகிய கை தானாக இறங்காது. அதை இறக்குவதற்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

இந்த மாதிரிக் கிளப்புகளில் ஒரு மூலையில் சின்ன வட்ட மேஜை ஒன்று போட்டிருக்கும். வெள்ளை விரிப்பு, ஒற்றைச் சிவப்பு ரோஜா, தட்டில் ஒரு துண்டு எலுமிச்சை, கொஞ்சம் உப்பு, கவிழ்த்து வைத்த கோப்பை, ஆள் இல்லாத நாற்காலி. சிறைப்பட்டவர்களுக்கும் காணாமல் போனவர்களுக்குமான மேஜை அது. எலுமிச்சை அவர்களுக்கு வாய்த்த கசப்பு, உப்பு வீட்டார் சிந்திய கண்ணீர். அதில் யாரும் உட்கார மாட்டார்கள். கூட்டம் எவ்வளவு நெரிந்தாலும் பீர் கோப்பையை அதன்மேல் வைக்கவும் மாட்டார்கள். இந்த ஒன்றைத் தவிர மற்ற எதற்கும் அங்கே கேலி உண்டு.

சரி, இந்தச் சங்கம் எப்படி வந்தது? 1919 மார்ச், பாரிஸ். முதல் உலகப்போர் முடிந்துவிட்டது. லட்சக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் திரும்பக் கப்பல் கிடைக்காமல் ஐரோப்பாவில் குவிந்து கிடக்கிறார்கள். சலிப்பு, சண்டை, ஒழுங்கின்மை. அந்த நேரத்தில் ஆயிரம் பேர் வரை கூடி ஆரம்பித்தது இது. அதே வருஷம் செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் சாசனம் கொடுத்தது. ஊர் திரும்பியவனுக்கு அரசு கையில் கொடுத்தது 60 டாலரும் ரயில் டிக்கெட்டும். அவ்வளவுதான். ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்: படையில் பணியாற்றிய பெண்களுக்கு முதல் நாளிலிருந்தே இதில் இடம் உண்டு. அமெரிக்கப் பெண்கள் எல்லாருக்கும் ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை 1920-இல்தான் வந்தது. லீஜனின் தேசியக் கமாண்டரைத் தேர்ந்தெடுக்க அதற்கு முன்பே இந்தப் பெண்கள் வாக்களித்துவிட்டார்கள்.

இரண்டாம் உலகப்போரின் நடுவிலேயே இவர்கள் விழித்துக்கொண்டார்கள். லீஜனின் முன்னாள் தேசியக் கமாண்டர் ஹாரி கோல்மெரி, கன்சாஸ் மாநில வக்கீல், வாஷிங்டனின் மேஃபிளவர் ஹோட்டலில் உட்கார்ந்து ஹோட்டல் காகிதத்திலேயே ஒரு மசோதாவைக் கையால் எழுதினார். திரும்பி வருகிற வீரனுக்குப் படிப்புச் செலவு, வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம், வேலை கிடைக்கும் வரை உதவித்தொகை. ஜி.ஐ. மசோதா என்று பெயர் பெற்றது அதுதான். ஜி.ஐ. என்றால் அமெரிக்கச் சிப்பாய்.

1944 ஜூனில் இரு அவைகளின் கூட்டுக் குழுவில் அது சிக்கிக்கொண்டது. குழுவில் இருந்த மிசிசிப்பி உறுப்பினர் ஜான் ராங்கினுக்கு வேலையில்லாதோர் உதவித்தொகை பிடிக்கவில்லை. கறுப்பின வீரர்களுக்கும் அது போய்ச் சேருமே என்பதும் அவர் கணக்கில் இருந்தது. கீழவை உறுப்பினர்கள் சமமாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஜார்ஜியாவைச் சேர்ந்த ஜான் கிப்சன் உடம்பு சரியில்லாமல் ஊரில் இருக்கிறார். அவர் சார்பில் ஓட்டுப் போடும் உரிமை ராங்கின் கையில், அவரோ போட மறுக்கிறார். மறுநாள் காலைக்குள் முடியாவிட்டால் மசோதா செத்துப்போகும். லீஜன்காரர்கள் இரவோடு இரவாக கிப்சனைத் தேடிப் பிடித்து, காரில் ஏற்றி, ஜாக்சன்வில் விமான நிலையத்துக்குப் பறந்தார்கள். நள்ளிரவு தாண்டி விமானம் ஏறியவர் காலையில் வாஷிங்டன் போய் ஓட்டுப் போட்டார். ஜூன் 22-ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். ஜாக்சன்வில் செயின்ட் அகஸ்டினிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணம்தான். 1956-க்குள் 1 கோடியே 60 லட்சம் வீரர்களில் 78 லட்சம் பேர் இந்தச் சட்டத்தால் படித்தார்கள் அல்லது தொழிற்பயிற்சி பெற்றார்கள். இன்னொரு பீர் சொல்லலாமா என்று சோம்பலாகக் கையைத் தூக்குகிறாரே, அவருக்குப் பின்னால் இவ்வளவு வேலை நடந்திருக்கிறது.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இனிப்பான கதை. ஆனால் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியவர்கள் உள்ளூர் வங்கிக்காரர்கள், உள்ளூர் அதிகாரிகள். 1947-இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் எடுத்த கணக்கில், முன்னாள் வீரர்களுக்கு உத்தரவாதத்தோடு கொடுத்த கடன்கள் 3,229. அதில் கறுப்பினத்தவர் வாங்கியவை இரண்டு. இரண்டாயிரம் இல்லை, இரண்டு. தெற்கு மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்குத் தனிப் போஸ்ட் என்பதே அந்தக் காலத்தில் வழக்கம். ஒரே போரில் சண்டை போட்டவர்கள் சேர்ந்து குடிக்க முடியாது.

செயின்ட் அகஸ்டினிலேயே அதற்குச் சாட்சியாக ஓர் ஆள் இருந்தார். ராபர்ட் ஹேலிங் என்ற கறுப்பினப் பல் மருத்துவர். விமானப்படையில் அதிகாரியாக இருந்து, பிறகு பல் மருத்துவம் படித்து, 1960-இல் இந்த ஊருக்கு வந்தவர். ஊரின் 400-ஆம் ஆண்டு விழாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்த காலம். கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்துவிட்டு என்ன விழா என்று கேட்டார். 1963 செப்டம்பரில் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் கூட்டத்தில் அவரையும் மூன்று நண்பர்களையும் பிடித்து நையப் புடைத்தார்கள். வழக்கில் தண்டனை யாருக்கு? அடி வாங்கிய ஹேலிங்குக்கு! அடுத்த வருஷம் அவர் வீட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது, நாய் செத்தது. அவர் அழைப்பின்பேரில்தான் மார்ட்டின் லூதர் கிங் இந்த ஊருக்கு வந்தார். 1964 ஜூன் 11-ஆம் தேதி மான்சன் மோட்டார் லாட்ஜ் என்ற விடுதி வாசலில் கைதானார். ஒரு வாரம் கழித்து, அந்த விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையரும் சேர்ந்து இறங்கியபோது, நிர்வாகி தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. ஜூலை 2-ஆம் தேதி, இன ஒதுக்கலைத் தடை செய்த குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தானது.

அந்த விடுதி எங்கே இருந்தது தெரியுமா? இதே ஆற்றங்கரைச் சாலையில், லீஜன் வீட்டிலிருந்து சில நிமிட நடையில். கட்டடத்தை 2003-இல் இடித்துவிட்டார்கள், கிங் கைதான படிக்கட்டை மட்டும் வைத்திருக்கிறார்கள். ஹேலிங்கின் பழைய பல் மருத்துவமனை பிரிட்ஜ் தெருவில் இப்போது ஓர் அருங்காட்சியகம். அந்த ஊருக்குப் போகிறவர்கள் பாருக்குப் போவதற்கு முன்னால் அங்கே போங்கள். முன்னாள் படைவீரர் என்ற வார்த்தைக்குள் ஹேலிங்கும் உண்டு என்பது மனதில் இருந்தால்தான் அந்த லீஜன் வீட்டு வராந்தாக் காற்று சரியாக வீசும். இது என் கட்சி, நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை.

இன்றைக்கு லீஜனின் கவலை வேறு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு 33 லட்சம் உறுப்பினர்கள் இருந்தார்கள், இப்போது 20 லட்சத்துக்கும் குறைவு. வியட்நாமிலிருந்து வந்தவர்களைப் பல போஸ்ட்களில் பெரியவர்கள் முகம் கொடுத்து வரவேற்கவில்லை, அந்த மனக்குறை ரொம்ப நாள் இருந்தது. போர்க்காலமாக அறிவித்த ஆண்டுகளுக்கு வெளியே பணியாற்றியவர்களைச் சேர்க்கவும் முடியாமல் இருந்தது. 2019-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்து, 1941 டிசம்பர் 7 முதல் பணியாற்றிய, கௌரவமாக விடுவிக்கப்பட்ட எல்லாருக்கும் கதவைத் திறந்தது. அப்படியும் இராக், ஆப்கானிஸ்தான் போய்வந்த இளைஞர்கள் பீருக்காக வருவதில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடவே நேரம் சரியாக இருக்கிறது. வருகிறவர்கள் படிவத்துக்காக வருகிறார்கள்.

லீஜனில் சேவை அதிகாரி என்று ஒருவர் உண்டு. அரசின் முன்னாள் படைவீரர் துறைக்கு ஊனத் தொகை கேட்டு விண்ணப்பம் போடப் பணம் வாங்காமல் உதவுவது அவர் வேலை. நம் ஊரிலும் முன்னாள் ராணுவத்தினருக்கு ஓய்வூதியம் உண்டு, கேன்டீன் உண்டு. ஆனால் கேன்டீனில் வாங்கின பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத்தான் போக வேண்டும். பக்கத்து ஸ்டூலில் யாரும் இருப்பதில்லை. என் நண்பருக்குக் காதில் ஓயாமல் ஒரு கீச்சுச் சத்தம். கப்பல் மேல்தளத்தில் ஜெட் எஞ்சின்களுக்குப் பக்கத்தில் நின்றே வந்தது. அமெரிக்க முன்னாள் வீரர்களிடம் மிக அதிகமாகக் காணப்படுகிற பாதிப்பு அதுதான். வயசானால் வருவதுதானே என்று அவர் பல வருஷம் சும்மா இருந்துவிட்டார். இதே வராந்தாவில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், என்ன சொன்னாலும் "ஆங்? ஆங்?" என்கிறாரே இவர் என்று பார்த்துவிட்டு, சேவை அதிகாரி முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார். காதிரைச்சலுக்கு மட்டும் என்றால் 10 சதவீத ஊனம்தான் எழுதுவார்கள், பெரிய தொகை இல்லை. ஆனால் மாதாமாதம் வருகிறது, கேட்கும் கருவியும் கிடைத்தது. இப்போது புதிதாக ஓர் இளைஞன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால், எந்தப் படை, எந்த ஊர் என்றெல்லாம் இவர் விசாரிப்பதில்லை. முதலில் பீர் சொல்கிறார். அப்புறம் கேட்கிறார்: "காது எப்படி இருக்கு?"