இடுப்பெலும்பும் ஒரு கைப்பிடியும்

மேடையில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, ஜமாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வெயில் பாராமல் பாம்பனிலிருந்து வந்திருக்கும் மீனவர் சங்கப் பெரியவர்களே, கடல்பாசி எடுக்கும் வேலையை இன்று விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அக்காமார்களே, எல்லோருக்கும் வணக்கம். கூடம் தந்த பள்ளித் தாளாளர் அவர்களுக்கும் மைக் செட் போட்ட தம்பிக்கும் தனி நன்றி.

வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் எப்போது ஆபரேஷன் செய்வது, அப்புறம் என்ன ஆபத்து வரும், என்ன சாப்பாடு கொடுப்பது என்று மூன்று செய்தி சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் என் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு அப்போது 74 வயது. விடியற்காலை நாலு மணி, கொல்லைப்புறக் கழிப்பறை, ஈரச் சிமெண்டுத் தரை. சத்தம் கேட்டு ஓடினேன். வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. அது முறிவின் அடையாளம் என்று எனக்குத் தெரியாது. "சுளுக்குத்தான்" என்றார்கள். கட்டுப் போடுகிறவர் வந்து முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூன்று நாள் போயிற்று. நாலாம் நாள் ஆஸ்பத்திரி. சர்க்கரை இறங்கட்டும், ரத்தம் கிடைக்கட்டும் என்று ஆறாம் நாள்தான் ஆபரேஷன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். நாங்கள் ஆறப் போட்டோம்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. அன்று ராத்திரி அம்மா என்னைப் பார்த்து, "யாருப்பா நீ? வலையை இழு, வாடைக்காத்து வந்திருச்சு" என்றார். விடிய விடிய அதே கூப்பாடு. பைத்தியம் பிடித்துவிட்டதென்று தங்கச்சி அழுதாள். ஆபரேஷனுக்குப் பின் முதியவர்களுக்கு அடிக்கடி வரும் மனக்குழப்பம் அது. பெரும்பாலும் சில நாளில் தெளியும். தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தாலே பாதி பயம் போகும். மறுநாளே எழுப்பி நிற்க வையுங்கள் என்றார் டாக்டர். தையல் போட்ட காலை ஊன்றலாமா என்று நாங்கள்தான் மறுத்தோம். பத்து நாள் மல்லாந்தே கிடந்தார். முதுகில் புண், நெஞ்சில் சளி, நிமோனியா. ஏழாவது மாதம் எங்களை விட்டுப் போனார்.

இப்படி முறிந்த முதியவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கும் போகும். உடம்பு இடம் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் முடிய வேண்டும். 1988ல் பாம்பன் ரோட்டுப் பாலம் வந்தது, 2022ல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, கூப்பிட்டால் 108 வருகிறது. இன்னும் எதற்கு மூங்கில் பத்தை? ஆறின கஞ்சி பழங்கஞ்சி, தாய்மார்களே!

சாப்பாட்டை இன்னொரு நாள் பேசுவோம். எனக்கு இன்று வேண்டியது கைப்பிடி. கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி, ராத்திரி எரிய ஒரு சின்ன பல்பு. அன்றைக்கு அம்மா கைக்கு எட்டும் தூரத்தில் பிடிக்க ஒன்றுமே இல்லை. தலைவர் அவர்களே, படகுத்துறைப் படியில் பாசி வழுக்குகிறது, அக்காமார் கூடையோடு இறங்குகிறார்கள். அங்கேயும் ஒன்று போடுங்கள். ஸ்டீல் குழாயாக இருக்கட்டும், உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது.

கூட்டம் முடிந்ததும் வாசலில் நோட்டோடு நிற்பேன். வீட்டில் 60 தாண்டியவர் இருந்தால் பேர் கொடுங்கள். சுவரில் துளை போடும் மெஷின் என்னிடம் இருக்கிறது, நானே வந்து மாட்டித் தருகிறேன்.