கப்பல் பட்டியலைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

(வரலாற்று ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரிய நண்பர்களே, வணக்கம்.

கடல் கடந்த குடியேற்றம் என்று பாடம் தொடங்கினாலே கரும்பலகையில் ஓர் உலக வரைபடம் ஏறிவிடும். இந்தியாவிலிருந்து அம்புக்குறிகள் கிளம்பும். ஒன்று மொரிஷியஸுக்கு, ஒன்று பிஜிக்கு, ஒன்று தென்னாப்பிரிக்காவுக்கு. பிள்ளைகள் அதைப் பார்த்து வரைந்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஆனால் அந்த அம்புக்குள் ஒரு மனிதர்கூட இல்லை. வயிற்றுப்போக்கு இல்லை, கடல் மயக்கம் இல்லை, பெயர் கேட்டு எழுதிய குமாஸ்தா இல்லை. இவர்களையெல்லாம் வகுப்பறைக்குள் கொண்டுவர முடியும். அதற்கு ஒரே ஒரு கப்பலை எடுத்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து.

நான் எடுத்துக்கொள்வது ட்ரூரோ. 1860 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து கிளம்பி, நவம்பர் 16 அன்று இன்றைய டர்பன் துறைமுகத்தை அடைந்த கப்பல். அதில் 342 பேர். இன்றைய தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயர் ஆண்ட நேட்டால் காலனியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அதுதான். அந்த மண்ணின் ஜூலு மக்களுக்குச் சொந்தமாக நிலமும் மாடும் இருந்தன. வெள்ளைக்காரத் துரைமாரின் தோட்டத்தில் துரைமார் சொன்ன கூலிக்கு உழைக்க வேண்டிய கட்டாயம் ஜூலு மக்களுக்கு இல்லை. அதனால் தோட்டக்காரர்கள் இந்தியாவை நோக்கிக் கை நீட்டினார்கள். அதன்பின் 1911 வரை 1,52,184 பேர் இப்படிப் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மெட்ராஸிலிருந்து கப்பல் ஏறியவர்கள்.

சரி, பயணத்தை எங்கே தொடங்குவது? கப்பலில் அல்ல, கரையில் தொடங்குங்கள். 1860இல் மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் அலைகளுக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து மசூலா படகில்தான் போய் ஏற வேண்டும். பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்காமல் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். ஆனால் உள்ளே இருப்பவர்கள் நனைந்துவிடுவார்கள். வட ஆற்காட்டிலிருந்து நடந்து வந்த, அதுவரை கடலையே பார்த்திராத ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு அந்தப் படகில் ஏறுவதை ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். அந்தப் பக்கமும் நிலைமை அதேதான். டர்பன் துறைமுக வாயில் மணல்திட்டு மறித்துக்கொண்டிருந்தது. பெரிய கப்பல்கள் வெளியே நின்றுவிட, சிறு படகுகளில்தான் கரைக்கு வந்தாக வேண்டும்.

கப்பலுக்குள் யார் எங்கே படுப்பது என்பதற்கும் சட்டம் இருந்தது. பொதுவாக மணமாகாத ஆண்கள் முன்பக்கம், குடும்பங்கள் நடுவில், தனியாக வந்த பெண்கள் பின்பக்கம். அரிசி, பருப்பு, புளி, உப்பு, கருவாடு எல்லாம் அளவு போட்டுக் கொடுத்தார்கள். மருத்துவர் ஒருவரும் கூடவே போக வேண்டும். இத்தனை விதி இருந்தும் காலரா ஏறிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ட்ரூரோ போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் கல்கத்தாவிலிருந்து பெல்வெடேர் வந்தது. வழியிலேயே காலராவுக்குப் பலரைப் பலிகொடுத்துவிட்டு வந்த கப்பல் அது.

இனி பட்டியலுக்கு வருகிறேன். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. எண், பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று கட்டம் கட்டி எழுதியிருப்பார்கள். தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகங்களில் இந்தப் பட்டியல்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆய்வாளர்கள் கணினியிலும் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தை நகல் எடுத்து, நான்கு பேருக்கு ஒன்று என்று கொடுங்கள். முதலில் நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம். பிள்ளைகள் உடனே தங்கள் ஜில்லாவைத் தேடுவார்கள். ஆற்காடு, சித்தூர், செங்கல்பட்டு, தஞ்சாவூர், சேலம் என்று பெயர்கள் வரும். அப்புறம் வயதைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் இருபதுகள். அப்புறம்தான் நல்ல கேள்விகள் பிறக்கும். இந்தப் பெண்ணின் பக்கத்தில் கணவன் பெயர் ஏன் இல்லை? இந்தச் சிறுவனும் கூலிதானா? தழும்பை எதற்காக எழுதினார்கள்?

தழும்பைப் பற்றிக் கேட்டால் தட்டிக்கழிக்காமல் சொல்லுங்கள். தோட்டத்தைவிட்டு ஓடினால் பிடிப்பதற்கு அது உதவும். அந்த எண்ணும் அப்படித்தான். கப்பலில் ஏறும்போது தந்த எண் ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவரைத் தொடர்ந்தது.

பெண்களைப் பற்றிய கேள்விக்கு ஒரு முழு வகுப்பையே ஒதுக்கலாம். தோட்டக்காரர்கள் கேட்டது ஆண்களை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது இருக்க வேண்டும் என்று பின்னாளில் விதி வைத்தது அரசு. அந்தக் கணக்கு நிறையாவிட்டால் கப்பல் கிளம்பாது. ஆகவே ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகள் பெண்களைத் தேடி அலைந்தார்கள். விதவைகள், கணவனைவிட்டு வந்தவர்கள், பஞ்சத்தில் எல்லோரையும் இழந்தவர்கள் அந்த வரிசையில் இருந்தார்கள். ஏமாற்றி ஏற்றப்பட்டவர்களும் உண்டு, ஊரைவிட்டுப் போனால் போதும் என்று தாங்களே வந்தவர்களும் உண்டு. இவர் இன்ன ரகம் என்று பட்டியல் சொல்லாது. பிள்ளைகள் ஊகிக்கட்டும், ஆனால் 'இது என் ஊகம்' என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வரலாற்றுப் பாடத்தில் இதைவிடப் பெரிய பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

சாதிக் கட்டம்தான் நம்மைத் தயங்க வைக்கும். அதை மறைத்து நகல் எடுக்கலாமா என்று கேட்பார்கள். மறைக்காதீர்கள். ஓர் அரசு தன் ஆவணத்தில் மனிதரை எப்படி வகைப்படுத்தியது என்பதும் பாடம்தான். ஆனால் எந்தப் பிள்ளையும் தன் சாதியைச் சொல்லும் நிலையை வகுப்பில் உண்டாக்கிவிடக் கூடாது. அந்தக் கட்டத்தை யார் நிரப்பினார்கள், சொன்னவர் உண்மையைத்தான் சொன்னாரா, மாற்றிச் சொல்ல அவருக்குக் காரணம் இருந்திருக்குமா என்று பேச்சைக் கொண்டுபோங்கள்.

மேடைகளில் நான் அடிக்கடி கேட்கும் ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தக் கூலிக் கப்பலை ராஜேந்திர சோழனின் கடற்படையோடு சேர்த்து, 'கடலை ஆண்ட தமிழன்' என்று கைதட்டல் வாங்குகிறார்கள். எனக்கு அது மனதை வருத்துகிறது. முதல் ஆண்டு மாதம் பத்து ஷில்லிங் கூலிக்கு, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துப் போனவர் எதையும் ஆளப் போகவில்லை. அதற்காக அவரை வெறும் பரிதாபப் பொருளாகக் காட்டுவதும் சரியில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் பலர் அங்கேயே காய்கறி பயிரிட்டார்கள், மீன் பிடித்தார்கள், கோயில் கட்டினார்கள்.

ஒப்பந்தம் இல்லாமல் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போனவர்களின் கதையையும் பக்கத்தில் வையுங்கள். 1896 டிசம்பரில் கோர்லாண்ட், நாதேரி என்ற இரண்டு கப்பல்கள் பம்பாயிலிருந்து டர்பனுக்கு வந்தன. கோர்லாண்டில் காந்தியும் குடும்பமும் இருந்தார்கள். இரண்டிலுமாகச் சுமார் 800 பேர். பம்பாயில் பிளேக் என்று காரணம் சொல்லி, மூன்று வாரத்துக்கு மேல் யாரையும் இறங்கவிடவில்லை. கரையில் வெள்ளையர்கள் கூட்டம் போட்டு 'திருப்பி அனுப்பு' என்றார்கள். 1897 ஜனவரி 13 அன்று இறங்கிய காந்தியைத் தெருவில் அடித்தார்கள். காவல் கண்காணிப்பாளரின் மனைவி குறுக்கே வந்து காப்பாற்றினார். அதே ஆண்டில் நேட்டாலில் புதிய சட்டம் வந்தது. உள்ளே வருபவருக்கு ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமாம். தோட்டத்துக்கு வரும் கூலிக்கு மட்டும் அந்தச் சோதனை கிடையாது. இந்த இரண்டு வரியையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டு, ஏன் என்று கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூடச் சரியாகப் பதில் சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக, திரும்பி வந்த கப்பலை விட்டுவிடாதீர்கள். நேட்டாலில் பத்தாண்டு இருந்தவர்களுக்கு ஊர் திரும்ப இலவசப் பயணம் உண்டு. அப்படி முதலில் திரும்பியவர்களில் ஒரு கூட்டம் 1871இல் 'ரெட் ரைடிங் ஹுட்' என்ற கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கியது. வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கூலியைப் பிடித்தம் செய்தார்கள், அடித்தார்கள் என்று இங்குள்ள அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். இந்திய அரசு ஆள் அனுப்ப மறுத்தது. நேட்டால் அரசு 1872இல் விசாரணைக் குழு அமைத்து, இந்தியர்களிடமே சாட்சியம் வாங்க வேண்டியதாயிற்று. ஒப்பந்தத்தை மீறினால் கசையடி என்ற தண்டனை சட்டத்திலிருந்து நீங்கியது. இந்தியர்களுக்கென்று பாதுகாவலர் பதவி வந்தது. 1874இல்தான் மறுபடி கப்பல்கள் போயின. பாதுகாவலர் வந்த பிறகும் கொடுமை நின்றுவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ட்ரூரோ பட்டியலில் எண்ணாகவும் தழும்பாகவும் பார்த்த மனிதர்களைப் போன்றவர்கள், இந்தச் சாட்சியங்களில் வாய் திறந்து பேசுகிறார்கள். பட்டியலுக்கு ஒரு வகுப்பு என்றால், இந்த முறையீட்டுக்கு இரண்டு வகுப்பு கொடுங்கள்.