ஓட்டு நிறைய விழுந்தா ஆட்சி மாறுமா? வேலூர் கணக்கு

(திரையில்: காட்பாடி, சித்தூர் பஸ் ஸ்டாண்ட். சாயங்கால நேரம்.)

வணக்கம். ஓட்டுப்பதிவு அன்னிக்கு பொழுது சாஞ்சா போதும், நம்ம ஊர்ல ஒரு பேச்சு கிளம்பிடும். "இந்த வாட்டி போலிங் ஜாஸ்தி. ஆட்சி மாறப் போவுது பாரு." காட்பாடியில கேக்கலாம், ஆம்பூர் ஷூ கம்பெனி வாசல்லயும் கேக்கலாம். எங்க பெரியப்பா ஒவ்வொரு தேர்தலுக்கும் இதைத்தான் சொல்லுவார். அவர் சொன்னது நெசமான்னு பார்க்கத்தான் இந்த வீடியோ.

(திரையில்: வருஷமும் சதவீதமும்)

1967-ல தமிழ்நாட்டுல 76 சதவீதத்துக்கு மேல ஓட்டு விழுந்துச்சு. காங்கிரஸ் போச்சு, அண்ணா தலைமையில திமுக வந்துச்சு. 2011-ல 78 சதவீதம். திமுக போச்சு, அதிமுக வந்துச்சு. இந்த ரெண்டு வருஷத்தை மட்டும் எடுத்துக்கிட்டா பெரியப்பா சொல்றது சரிதான்.

இப்ப 2001-க்கு வாங்க. வெறும் 59 சதவீதம். அப்பவும் ஆட்சி மாறுச்சு. 2016-ல 74 சதவீதத்தைத் தாண்டுச்சு, ஆட்சி மாறலை. 1984-ல எம்.ஜி.ஆர். ஜெயிச்சதுக்கு அப்புறம், ஆண்ட கட்சியே மறுபடி ஜெயிச்சது அந்த 2016-லதான். 2021-ல பதிவு அதைவிடக் கொஞ்சம் குறைஞ்சு 73-ஐ ஒட்டி நின்னுச்சு. ஆனா ஆட்சி மாறிடுச்சு.

ஆக, சதவீதத்தைக் கையில வெச்சுக்கிட்டு யார் கோட்டைக்குப் போவாங்கன்னு சொல்ல முடியாது. ஏன் முடியாதுங்கறதுலதான் விஷயமே இருக்கு.

(திரையில்: வாக்காளர் பட்டியல்)

முதல்ல இந்த சதவீதம் எப்படி வருது? ஓட்டுப் போட்டவங்க எண்ணிக்கையை, பட்டியல்ல இருக்கற பேரால வகுக்கறாங்க. ஊர்ல இருக்கற ஆளுங்களால இல்ல, பட்டியல்ல இருக்கற பேரால. ஒரு பூத்துல 1,000 பேர் இருக்கு, 700 பேர் வந்து போட்டாங்கன்னா 70 சதவீதம். அந்த ஆயிரத்துல 120 பேர் செத்துப்போனவங்க, குடும்பத்தோட பெங்களூருக்குப் போயிட்டவங்கன்னு வையுங்க. பட்டியலைச் சுத்தம் பண்ணி அந்தப் பேரை எல்லாம் எடுத்தாச்சு. மீதி 880. அடுத்த தேர்தல்லயும் அதே 700 பேர்தான் வர்றாங்க. சதவீதம் கிட்டத்தட்ட 80. ஒரு ஆள்கூடப் புதுசா வரலை, ஆனா "போலிங் எகிறிடுச்சு"ன்னு நியூஸ் வரும்.

நம்ம பக்கம் வேலைக்காக வெளியூர் போனவங்க எவ்வளவு பேர்னு காலையில காட்பாடி ஜங்ஷன்ல நின்னு பார்த்தாலே தெரியும். அதனால இந்தக் கணக்கு நமக்கு ரொம்ப முக்கியம். 2025-ல சிறப்பு தீவிர திருத்தம்னு வாக்காளர் பட்டியலை வீடு வீடாச் சரிபார்த்தாங்க. டிசம்பர்ல அதோட வரைவுப் பட்டியல் வந்தப்ப, தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேல பேர் அதுல இல்லை. செத்தவங்க பேரையும், ரெண்டு இடத்துல இருந்த பேரையும் எடுக்க வேண்டியதுதான். ஆனா ஓட்டு இருக்கற ஒரு ஆள் பேர் தவறிப்போய் விடுபட்டா, அவர் "ஓட்டுப் போடாதவர்" கணக்குலகூட வரமாட்டார். இது எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கு. அவர் விடுபட்டது அந்த சதவீதத்துல தெரியவே தெரியாது.

(திரையில்: 746)

அடுத்தது, ஓட்டு எங்க விழுதுங்கறது. இதுக்கு நம்ம காட்பாடியை விட நல்ல பாடம் இல்ல. 2021-ல துரைமுருகன், திமுக. பல தடவை ஜெயிச்சவர். எதிர்ல அதிமுக ராமு. வித்தியாசம் 746 ஓட்டு. ரெண்டு பேருக்குமே தலைக்கு 84,000-க்கு மேல விழுந்திருக்கு. அதுல 374 பேர் மட்டும் இந்தப் பக்கம் போட்டதை அந்தப் பக்கம் போட்டிருந்தா முடிவே வேற. கொரோனா நேரம்னு அப்ப ஒரு பூத்துக்கு 1,000 பேருக்கு மேல வெக்கலை. அப்படிப் பார்த்தா பூத்துக்கு ரெண்டு மூணு ஓட்டுதான் வித்தியாசம். ஒரு வீட்டு ஓட்டு! ஜெயிச்சவர் நீர்வளத் துறை அமைச்சர் ஆனார்.

அதே நாள் ஜோலார்பேட்டையில, அமைச்சரா இருந்த கே.சி.வீரமணி 1,091 ஓட்டுல தோத்தார்.

பழைய வேலூர் மாவட்டத்துல, அதாவது இன்னிக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணும் சேர்த்து 13 தொகுதி. திமுக கூட்டணிக்கு 10. அதிமுக பக்கம் மூணு: அரக்கோணம், வாணியம்பாடி, கே.வி.குப்பம். கே.வி.குப்பத்துல நின்னது புரட்சி பாரதம் ஜெகன்மூர்த்தி, சின்னம் இரட்டை இலை. பத்துக்கு மூணுன்னு கேட்டா ஒரே பக்கம் அலை அடிச்ச மாதிரி இருக்கும். உள்ள போய்ப் பார்த்தா காட்பாடி, ஜோலார்பேட்டை மாதிரி மயிரிழைங்க.

மாநிலத்துக்கும் இதே கதைதான். 2021-ல திமுக கூட்டணிக்கு சுமார் 45 சதவீத ஓட்டு, அதிமுக கூட்டணிக்கு சுமார் 40. அஞ்சாறு சதவீதம் வித்தியாசத்துக்கு சீட்டு 159, 75. 2016-ல வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். ஆனா அப்ப தேர்தல் நடந்த 232 தொகுதியில அதிமுகவுக்கு 134, திமுக கூட்டணிக்கு 98. ஒரு ஓட்டு ஜாஸ்தி வாங்கினாலும் அந்தத் தொகுதி முழுசா அவருக்கு. காட்பாடியில தோத்தவர் வாங்கின 84,000 ஓட்டுக்கு சட்டசபையில ஒரு நாற்காலிகூட இல்லை.

(திரையில்: 118)

சரி, எண்ணியாச்சு, ஜெயிச்சாச்சு. 234-ல 118 இருந்தா ஆட்சி. ஆனா அந்த 118 அஞ்சு வருஷத்துக்கும் அப்படியே நிக்குமா? இதுக்கு குடியாத்தத்துக்குப் போகணும்.

2016-ல குடியாத்தம், ஆம்பூர், சோளிங்கர் மூணுலயும் அதிமுக ஜெயிச்சுது. 2017-ல கட்சிக்குள்ள பிளவு. முதலமைச்சருக்கு ஆதரவு இல்லைன்னு ஆளுநர்கிட்ட கடிதம் கொடுத்தவங்கள்ல 18 எம்.எல்.ஏ.க்களை சபாநாயகர் செப்டம்பர் 18-ஆம் தேதி கட்சித் தாவல் தடைச் சட்டத்துல தகுதி நீக்கம் பண்ணார். அந்த 18-ல நம்ம மூணு தொகுதியும் உண்டு. 2018 அக்டோபர்ல உயர் நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு.

2019-ல இடைத்தேர்தல் வந்துச்சு, நாடாளுமன்றத் தேர்தலோட சேர்த்து. ஆனா பணப் பட்டுவாடா புகார்ல வேலூர் நாடாளுமன்றத் தேர்தலை ரெண்டு நாள் முன்னாடி ரத்து பண்ணிட்டாங்க. சட்டசபை இடைத்தேர்தலை நிறுத்தலை. அதனால ஏப்ரல் 18-ஆம் தேதி குடியாத்தம், ஆம்பூர் ஜனங்க எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் ஓட்டுப் போட்டாங்க. எம்.பி.க்குப் போட ஆகஸ்ட் 5-ஆம் தேதி மறுபடி போய் வரிசையில நின்னாங்க.

மாநிலம் முழுக்க 22 இடைத்தேர்தல். திமுக 13, அதிமுக 9. ஜாஸ்தி ஜெயிச்சது திமுக, ஆட்சியில இருந்தது அதிமுக. பெரும்பான்மையைக் காப்பாத்திக்க அந்த ஒன்பதே அவங்களுக்குப் போதுமா இருந்துச்சு.

குடியாத்தத்துல திமுக காத்தவராயன் ஜெயிச்சார். 2020 பிப்ரவரியில அவர் இறந்துட்டார். திரும்ப இடைத்தேர்தல் நடக்கலை. கூட்டிப் பாருங்க: தகுதி நீக்கத்துல இருந்து முடிவு வர்ற வரைக்கும் 20 மாசம், அவர் இறந்ததுல இருந்து 2021 மே வரைக்கும் 14 மாசம். 60 மாசத்துல 34 மாசம் குடியாத்தத்துக்கு எம்.எல்.ஏ. இல்லை. நெசவு பண்றவங்களும் பீடி சுத்தறவங்களும் இருக்கற ஊர். கால் கடுக்க நின்னு ஓட்டுப் போட்ட ஊர்.

அந்த 34 மாசத்துல ரோடு, தண்ணி, பட்டான்னு நீங்க யார்கிட்ட மனு கொடுத்தீங்க, என்ன பதில் வந்துச்சு? குடியாத்தத்துக்காரங்க எனக்கு எழுதுங்க. அடுத்த வீடியோவை அதுல இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன்.