பொறுப்பைக் கையில் கொடுத்துப் பாருங்கள்

(யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் ஆசிரியர், பெற்றார், மாணவர் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, அதிபர்களே, ஆசிரியர்களே, பெற்றாரே, பின்வரிசைக் கதிரைகளில் இருக்கிற மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இளையோரின் ஒழுக்கமும் குடியுரிமைக் கல்வியும் என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் எங்கள் ஊர்க் கூட்டங்களில் வழக்கமாக என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கைத்தொலைபேசி கெடுக்கிறது, தலைமயிர் வெட்டுச் சரியில்லை, அந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படி இல்லை என்று ஒரு மணித்தியாலம் போகும். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார்கள். போதைப்பொருளும் வாள்வெட்டும் எங்கள் ஒழுங்கைகளுக்குள் வந்துவிட்டன என்ற கவலை எனக்கும் உண்டு. இரவில் பிள்ளை வீடு வந்து சேரும்வரை படலையடியில் நிற்கிற தாய்மாரை நான் அறிவேன். அந்தக் கவலையைச் சிறிதாக்க நான் வரவில்லை. ஆனால், பிள்ளைகள் எதைப் பழகிவிட்டார்கள் என்று பேசுகிற அளவுக்கு, நாங்கள் அவர்களுக்கு எதைப் பழக்கினோம் என்று பேசுவதில்லை.

சொன்னதைச் செய்யப் பழக்கியிருக்கிறோம். வீட்டில் அப்பா சொன்னால் செய், வகுப்பில் ஆசிரியர் சொன்னால் செய், ரியூசனில் சேர் சொன்னால் செய். எந்தப் பாடம், எந்தத் துறை, எந்த நண்பன் என்பதுகூடப் பெரியவர்களின் தீர்மானம். பதினாறு வயது வரைக்கும் ஒரு முடிவையும் தானாக எடுத்து அதன் விளைவைத் தாங்கிப் பார்க்காத பிள்ளையை நாங்கள் "நல்ல பிள்ளை" என்கிறோம். கேட்டு நடப்பதை மட்டுமே பழகிய பிள்ளை, ஒருநாள் சந்தியில் மோட்டார் சைக்கிளில் நிற்கிற அண்ணன் சொல்வதையும் கேட்டு நடக்கும். அந்த இடத்தில் "நான் வரமாட்டேன்" என்று சொல்ல அதற்கு எங்கே பயிற்சி கிடைத்தது? மறுத்துச் சொன்ன ஒவ்வொரு தடவையும் நாங்கள்தானே வாயை மூடு என்றோம்?

பாடசாலையில் குடியுரிமைக் கல்வி என்று பாடம் இருக்கிறது. சாதாரண தரத்துக்கு வரும்போது குடியியற் கல்வி, மாணவர் தெரிவுசெய்யும் தொகுதிப் பாடங்களுள் ஒன்றாகிறது. மக்களாட்சி, பன்மைப் பண்பாட்டுச் சமூகம், முரண்பாடுகளைத் தீர்த்தல் என்று நல்ல விடயங்களே புத்தகத்தில் உள்ளன. படிப்பிக்கிற விதத்தில்தான் எனக்கு மனக்குறை. மக்களாட்சியின் சிறப்பியல்புகள் ஐந்து தருக என்றால் மடமடவென்று எழுதுகிற மாணவி, தன் பாடசாலை மலசலகூடக் கதவுக்குக் கொண்டி இல்லை என்பதை அதிபரிடம் போய்ச் சொல்லத் தயங்குகிறாள். மாதவிடாய் நாட்களில் பாடசாலைக்கு வராமலே இருந்துவிடுகிறாள். பரீட்சையில் அவளுக்கு ஏ கிடைக்கும்.

நான் படிப்பித்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பாடசாலைக்கு முன்னால் போகிற ஒழுங்கையில் வீதி விளக்கு எரிவதில்லை. மாலை வகுப்பு முடிந்து பெண் பிள்ளைகள் அந்த இருட்டால்தான் வரவேண்டும். தரம் 10 மாணவரிடம் இதை உங்கள் வேலையாக எடுங்கள் என்று சொன்னேன். அவர்கள் முதலில் மின்சார சபைக்குக் கடிதம் எழுதினார்கள். கம்பம் எங்களுடையது, விளக்குப் போடுவதும் திருத்துவதும் பிரதேச சபையின் வேலை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். பிறகு பிரதேச சபைக்கு எழுதினார்கள். பதில் இல்லை. மூன்று பிள்ளைகள் கடிதத்தின் பிரதியோடு நேரே போனார்கள். கிடைத்ததற்கு அத்தாட்சியாக முத்திரை குத்தித் தாருங்கள் என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். அங்கிருந்த உத்தியோகத்தர் சிரித்தாராம். ஆனால் குத்திக் கொடுத்தார். சில வாரங்களில் விளக்கு வந்தது. எந்த வேலை யாருடையது, கடிதத்துக்கு ஏன் திகதி வேண்டும், பதில் வராவிட்டால் அடுத்த படி என்ன என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகம் திறக்காமலே விளங்கிற்று. அதைவிடப் பெரிதாக நான் கண்டது வேறு. அந்த விளக்குக்கு யாரும் கல்லெறிய அவர்கள் விடவில்லை.

அவர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்று, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரச அலுவலகத்திடம் இந்த வீதிக்கு எவ்வளவு செலவானது என்று குடிமக்கள் எவரும் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்க அவர்களுக்கு அதிகாரமில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேண்டும். ஒரு வகுப்பு ஒரு தவணையில் இப்படி ஒரேயொரு விண்ணப்பத்தைத் தயாரித்தாலே போதும்.

சுன்னாகத்தை எடுத்துப் பாருங்கள். எங்கள் குடாநாட்டுக்கு ஓடுகிற பேராறு ஒன்றும் இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்குகிற மழைநீர்தான் குடிதண்ணீர். அந்தத் தண்ணீரில் அங்கிருந்த மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவு எண்ணெய் கலந்தது. கிணற்றில் வாளியை விட்டவர்களுக்கு எண்ணெய் வாசம் வந்தது. 2015இல் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போனவர் தெற்கைச் சேர்ந்த சூழலியலாளர் ரவீந்திர குணவர்தன காரியவசம். 2019இல் தீர்ப்பு வந்தது. மின்னுற்பத்தி நிறுவனம் 20 மில்லியன் ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. சுன்னாகத்துக் கிணற்றுக்காக ஒரு சிங்களவர் வழக்காடினார் என்பதை எங்கள் தரம் 11 பிள்ளைகள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? அடிப்படை உரிமைகள் பற்றிய அலகைப் படிப்பிக்க இதைவிட நல்ல பாடம் இந்த மண்ணில் இல்லை. பிள்ளை தன் வீட்டுக் கிணற்றிலிருந்தே தொடங்கலாம்.

இனிச் சரித்திரத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இந்த யாழ்ப்பாணத்திலே 1924இல் மாணவர்கள் ஒரு காங்கிரஸை அமைத்தார்கள். பின்னர் அது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. ஹன்டி பேரின்பநாயகம் அதன் முன்னணியில் நின்றார். பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வரவேற்றவர்கள் இந்த இளைஞர்கள். சாதி பாராமல் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டார்கள். வெள்ளைக்காரன் தந்த டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று சொல்லி 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தார்கள். யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 வயதில் வாக்கு என்று நாடு முழுவதும் முதன்முதல் நடந்த தேர்தல் அதுதான். அந்த முதல் வாக்கை யாழ்ப்பாணத்துப் பெண்கள் போடவில்லை.

அந்தப் பகிஷ்கரிப்புச் சரியா, பிழையா? இதை ஒரு வகுப்பில் விவாதத்துக்கு விடுங்கள். ஒரு பக்கம் கொள்கை. மறுபக்கம் கைக்கு வந்த வாக்கு. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. விடைத்தாளில் புள்ளி போடுகிற விடை இதற்குக் கிடையாது. அடுத்த நாள் பக்கம் மாற்றி வாதாடச் சொல்லுங்கள். தன்னோடு ஒத்துப்போகாதவனின் நியாயத்தைத் தன் வாயாலேயே சொல்லிப் பழகிய பிள்ளை அவனை அடிக்கக் கை ஓங்குமுன் ஒரு நிமிடம் நிற்கும் என்று நான் நம்புகிறேன்.

பெரியவர்களின் வாழ்க்கையையும் நாங்கள் பிள்ளைகளுக்கு அரைகுறையாகவே கொடுக்கிறோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரி நிறுவினார். இதை எல்லோரும் படிப்பிக்கிறோம். அதே பெருமகன் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுப்பதைக் கடுமையாக எதிர்த்தார். இதைச் சொன்னால் அவரின் பெருமை குறையுமென்று பயப்படுகிறோம். குறையாது. ஒரு மனிதர் ஓரிடத்தில் தன் காலத்தைத் தாண்டி நின்று, இன்னோரிடத்தில் தாண்ட முடியாமல் நிற்கலாம் என்று பிள்ளை அறியட்டும். தன்னையும் அப்படிப் பரிசோதிக்கும்.

அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்த 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், எங்கள் பகுதியிலேயே பாடசாலைகள் எரிக்கப்பட்டன. ஏன்? சாதியின் பேரால் நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளை வாங்கில் ஏறி இருந்துவிட்டது என்பதற்காக. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடுங்கள் என்று மனிதர்கள் நிற்க வேண்டியிருந்தது. வாங்கு இன்றைக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் பிள்ளைகள் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள், யார் வீட்டுக்குப் போக விடுகிறோம் என்று கவனியுங்கள். இந்த மண்டபத்தில் இருக்கிற பெற்றாரிடம் நேராகவே சொல்கிறேன்: "ஆர் வீட்டுப் பிள்ளை அது?" என்று நாங்கள் கேட்கிற அந்தக் கேள்வியின் பொருள் பத்து வயதிலேயே அவர்களுக்கு விளங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு சமத்துவம் பற்றி எந்தப் பாடத்தை எடுத்தாலும் ஒட்டாது.

1981 மே 31 இரவில் தொடங்கி எங்கள் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்கள் அழிந்தன. இதை எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும், சொல்லத்தான் வேண்டும். 1990 ஒக்டோபரில் இதே யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் துப்பாக்கி முனையில், சில மணித்தியால அவகாசத்தில், உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் அயலவர்கள். எங்களோடு ஒரே சந்தையில் நின்றவர்கள், ஒரே மொழி பேசுகிறவர்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது, உண்மையா சேர் என்று கேட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். எங்களுக்குச் செய்யப்பட்டதை மட்டும் அறிந்து, எங்கள் பெயரால் செய்யப்பட்டதை அறியாமல் வளர்கிற பிள்ளைக்கு நீதி என்பது பாதியாகத்தான் விளங்கும். இதைப் பேசுவது வேதனை. பேசுவதால் எங்கள் இழப்பு ஒன்றும் சிறிதாகிவிடாது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைத் தாங்கும் வலு உண்டு. மறைத்துவிட்டு, பிறகு வெளியில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டால்தான் எங்கள் மேல் நம்பிக்கை போகும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. அடியாத மாடு படியாது என்று இன்றைக்கும் சொல்கிறோம். உடற்தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. அந்தச் சுற்றறிக்கை அதிபரின் அலுமாரிக்குள் இருக்க, வகுப்பில் பிரம்பு இருக்கிறது. சட்டம் மேசையில் ஒன்று, கையில் ஒன்று என்பதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். சட்டத்துக்கு மதிப்புக் கொடு என்று அதே வாயால் எப்படிச் சொல்வது? 50 பிள்ளைகளை ஒரு வகுப்பில் வைத்துக்கொண்டு படுகிற பாட்டை நான் அறியாதவன் அல்லன். ஆனாலும் அந்தப் பிரம்பை வைத்துவிட்டுத்தான் இந்தப் பாடத்தைத் தொடங்கலாம்.

பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது. வாக்குச்சீட்டு, வாக்குப்பெட்டி, விரலில் மை என்று தேர்தல் உண்மைத் தேர்தல் போலவே நடக்கிறது. பிள்ளைகள் எவ்வளவு ஆசையாக வரிசையில் நிற்கிறார்கள்! தேர்தல் முடிந்ததும் பிரதமரும் அமைச்சர்களும் சின்னம் குத்திக்கொண்டு படம் எடுக்கிறார்கள். பிறகு பல இடங்களில் ஒன்றும் நடப்பதில்லை, ஏனென்றால் தீர்மானிக்க அவர்களிடம் எதையும் விடவில்லை. சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கலாம் என்பதை அவர்களிடம் விடுங்கள். பழைய மாணவர் சங்கம் தருகிற பணத்தில் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, எதற்குச் செலவழித்தோம் என்று காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் கணக்குச் சொல்லச் சொல்லுங்கள். மாணவ முதல்வர்கள் படலையில் நின்று பிந்தி வருகிறவர்களின் பெயர் எழுதுவதோடு நிற்காமல், ஏன் பிந்தி வருகிறார்கள் என்று கேட்டு வரட்டும். காலையில் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துவிட்டு வருகிற பிள்ளையும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

சிங்கப்பூரில் ஒழுக்கத்துக்கும் குடியுரிமைக் கல்விக்குமென்று தனியான பாடத்திட்டம் வைத்திருக்கிறார்கள். 2021இல் அதைப் புதுப்பித்தார்கள். ஆரம்ப வகுப்புகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே நடக்கிறது. மாணவர் வெளியே போய் ஒரு சமூக வேலை செய்துவிட்டு வந்து, செய்தது பற்றி வகுப்பில் பேசுகிறார்கள். அவர்களின் நாடு வேறு, எங்கள் காயம் வேறு. அப்படியே எடுத்து இங்கே நட முடியாது. ஆனால் அந்தப் பேச்சு எங்களுக்கும் வேண்டும். நாங்கள் டெங்குச் சிரமதானம் செய்கிறோம், படம் எடுக்கிறோம், வீட்டுக்குப் போகிறோம். அந்தச் சிரட்டையும் யோகட் கப்பும் எங்கிருந்து வந்தன, அடுத்த மாரிக்கு முன் யாரோடு பேசவேண்டும் என்று ஒரு பாடவேளை இருந்து பேசினால் அது கல்வி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த நிலையத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குத் தரம் 10, 11 பிள்ளைகளை அழையுங்கள். சென்ற கூட்ட அறிக்கையை அவர்களில் ஒருவர் வாசிக்கட்டும். கணக்கறிக்கையின் பிரதியை ஒரு கிழமைக்கு முன்பே கையில் கொடுங்கள். விளையாட்டுப் பிரிவுக்கு இவ்வளவு, வாசிகசாலைக்கு ஏன் இவ்வளவுதான் என்று ஒரு பெண் பிள்ளை எழும்பிக் கேட்டால், "நீ சின்னப் பிள்ளை, இரு" என்று யாரும் சொல்லக்கூடாது. பொருளாளர் எழும்பிப் பதில் சொல்லவேண்டும். நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு இரண்டு இடம் ஒதுக்க யாப்பில் திருத்தம் தேவையென்றால், அந்தப் பிரேரணையை எழுத நான் உதவுகிறேன். தலைவரிடம் என் தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

நன்றி. இனிக் கேள்விகளுக்குப் போவோம், முதலில் பின்வரிசையிலிருந்து.