ஓனர் தெரியாம சொன்னாலும் அது மோசடியா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

பெங்களூர் அல்சூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு ஃபிளாட் வாடகைக்கு எடுத்தாங்களாம். "காவேரி தண்ணி வருது"ன்னு ஓனர் அடிச்சுச் சொல்லியிருக்கார். குடி வந்து பாத்தா பைப் மட்டும்தான் போட்டிருக்கு, கனெக்‌ஷனே வாங்கல. தினமும் டேங்கர்தான். கேட்டா, "பில்டர் என்கிட்ட அப்படித்தாங்க சொன்னார்"ங்கறாராம். "இது மிஸ்ரெப்ரசன்டேஷன்னு எங்க அக்கா பையன் சொல்றான், அப்படின்னா என்ன, மோசடிதானே?"ன்னு கேள்வி.

ரெண்டுக்கும் நடுவுல நூலளவுதாம்மா இடைவெளி. பொய்னு தெரிஞ்சே சொன்னா மோசடி. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல 17-வது பிரிவு. உண்மைன்னு நம்பிக்கிட்டு, ஆனா கையில ஆதாரம் இல்லாமலே அடிச்சுச் சொன்னா 18-வது பிரிவு. அதுதான் மிஸ்ரெப்ரசன்டேஷன். உங்க ஓனர் சொல்றது நிஜம்னா அவர் இந்த ரெண்டாவதுல வர்றார். தமிழ்ல 'தவறான எடுத்துரைப்பு'ன்னு எழுதுறாங்க. கோர்ட் வாசல்ல யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்ல!

எதுவா இருந்தாலும், அந்த வார்த்தையை நம்பித்தான் சம்மதிச்சீங்கன்னா, 19-வது பிரிவுப்படி ஒப்பந்தத்தை நீங்க ரத்து பண்ணலாம். அட்வான்ஸைத் திருப்பிக் கேக்கலாம். குடியிருந்த மாசத்துக்கு வாடகை அவருக்குப் போயிடும், அது நியாயம்தானே.

ஆனா இங்க ஒரு சிக்கல். சாதாரணமா விசாரிச்சிருந்தாலே உண்மை தெரிஞ்சிருக்கும்னா, மிஸ்ரெப்ரசன்டேஷனைக் காட்டி ரத்து பண்ண முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல இதைத்தான் பிடிப்பார்: "ஜலமண்டலி (பெங்களூர் தண்ணி வாரியம்) பில்லைக் காட்டச் சொன்னீங்களா? வாட்ச்மேனைக் கேட்டீங்களா?" தெரிஞ்சே வாயால சொன்ன பொய்க்கு இந்தத் தப்பிக்கிற வழி கிடையாது. அதனால ஓனருக்கு முன்னாடியே தெரியுமான்னு பக்கத்து ஃபிளாட்காரங்ககிட்ட மெதுவா விசாரிங்க. கேஸே அதுலதான் நிக்குது.

"ராசியான வீடு, நல்லா காத்து வரும்"னு சொல்றதெல்லாம் இதுல சேராது. அது அபிப்பிராயம்.

ஆயுள் காப்பீட்டுலயும் இதே கதைதான். சர்க்கரை இருக்கிறதை ஃபாரத்துல மறைச்சா கம்பெனி பாலிசியைக் கேள்வி கேக்கலாம். ஆனா மூணு வருஷத்துக்குள்ளதான். அதுக்கப்புறம் எந்தக் காரணத்தைச் சொல்லியும் முடியாது, 1938-ம் வருஷத்து காப்பீட்டுச் சட்டத்துல 45-வது பிரிவு.

சரி, ஒண்ணுமே பேசாம இருந்தா? 17-வது பிரிவுலயே ஒரு குதிரை உதாரணம் இருக்கு. குதிரைக்குக் கோளாறுன்னு தெரிஞ்சும் விக்கிறவன் ஏலத்துல சும்மா இருந்தா மோசடி இல்ல. ஆனா வாங்குறவன், "நீ மறுக்கலேன்னா குதிரை நல்லா இருக்குன்னே எடுத்துக்குவேன்"னு சொல்லி, அதுக்கும் இவன் வாயைத் திறக்கலேன்னா, அந்த மௌனமே பேச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

அடுத்த வீடு பாக்கும்போது அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்டுடுங்கம்மா: "காவேரி கனெக்‌ஷன் இருக்குன்னு நம்பி எடுக்குறோம், இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க." பதில் வரலேன்னாலும் அந்த மெசேஜை அழிச்சுடாதீங்க.