தீபாவளி மேசைக்கு ரப்பர் கொட்டையும் செம்பனை ஈர்க்கும்

வணக்கம் நேயர்களே. நான் மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல தடிக்கா டீச்சரா, அதான் பாலர் பள்ளி டீச்சரா இருக்கேன். தீபாவளிக்கு வீட்டை எப்படி அலங்காரம் பண்றதுன்னு பேசுங்கன்னு சொல்லித்தான் என்னைய கூப்பிட்டாங்க. வீடு முழுக்க பேச நேரம் பத்தாது, அதனால சாப்பாட்டு மேசைய பத்தி மட்டும் பேசுறேன். ஏன்னா தீபாவளி அன்னிக்கு பகல்ல நம்ம யாரும் ஒரு எடத்துல உக்காருறதில்ல, ஓப்பன் ஹவுஸ்னு ஆளு வந்துக்கிட்டே இருப்பாங்க, பொம்பளைங்க அடுப்படியில நிப்பாங்க, ஆம்பளைங்க பானம் ஊத்திக் குடுத்துக்கிட்டு நிப்பாங்க, புள்ளைங்க தெருவுல. ராத்திரி வாசக்கதவ சாத்துனப்புறம்தான் குடும்பம் மொத்தமா ஒரு மேசையில உக்காருது.

தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல இருந்த காலத்துல மேசை ஏது, பாய விரிச்சு வரிசையா வாழ எல போட்டா முடிஞ்சுது. இப்ப தாமான்ல, டவுன் குடியிருப்புல, வீட்டுக்கு வந்தாச்சு, வீட்டுல இருக்குறது ஆறு பேர் உக்காருற மேசை, வர்றது இருவது பேரு. அதனால காடிய, அதாவது காரை, வெளியில எடுத்து நிறுத்திட்டு போர்ச்ல மடக்கு மேசைங்கள வரிசையா போட்டு மேல துணி விரிக்கிறோம். நெறைய வீட்டுல இப்படித்தான். அந்த நீள மேசையில யாரு எங்க உக்காருறதுன்னு தெரியாம புள்ளைங்க எல்லாம் ஒரு மூலையில போன வச்சுக்கிட்டு உக்காந்துருங்க, பெரியவங்க இன்னொரு மூலையில. கோலாலம்பூர்ல இருந்தும் ஜொகூர்ல இருந்தும் வர்ற பேரப்புள்ளைங்களுக்கு யாரு பெரியப்பா, யாரு சின்ன தாத்தா, யாரு அம்மாவோட அத்தைன்னு ஒன்னுமே தெரியல, எல்லாருமே அங்கிள், எல்லாருமே ஆன்ட்டி. எனக்கு இது ரொம்ப மனசுக்கு கஷ்டமா இருக்கு, அதான் நான் எங்க வீட்டுல மொதல்ல பேரு அட்டைய செய்ய வச்சேன்.

பேரு அட்டைன்னா பெரிசா ஒன்னும் இல்ல, ஒவ்வொருத்தர் எலைக்கு முன்னாடியும் அவங்க பேரும் மொறையும் எழுதுன ஒரு சின்ன அட்டை. அத புள்ளைங்கதான் எழுதணும், தமிழ்லதான் எழுதணும். தமிழ்ப் பள்ளிக்கு போகாத புள்ளையா இருந்தா பக்கத்துல ஒரு பெரியவங்க உக்காந்து எழுதிக் காட்டட்டும், அது பாத்து வரையட்டும், கோணலா இருந்தா இருக்கட்டும். பேர மட்டும் எழுதுனா பத்தாது, எழுதுற புள்ளைக்கு அவங்க என்ன மொறையோ அதையும் எழுதணும், 'பெரிய அத்தை', 'சித்தப்பா', 'ஆத்தா'ன்னு. எழுதும்போதே கேள்வி வந்துரும், இவங்க ஏன் எனக்கு அத்தை, அப்பாவுக்கு அக்கா எத்தன பேருன்னு. அந்த கேள்விக்கு பதில் சொல்றதுக்கு ஒரு பெரியவங்க பக்கத்துல இருந்தா போதும், வேற ஒரு சாமானும் வேணாம்.

அந்த அட்டைய நிக்க வைக்கிறதுக்கு நான் ரப்பர் கொட்டைய சொல்லுவேன். நம்ம ஊரச் சுத்தி இப்ப முக்காவாசி எண்ணெய் எடுக்குற செம்பனை ஆயிருச்சு, ஆனா சின்னத் தோட்டங்கள்ல இன்னும் ரப்பர் மரம் நிக்குது. ஆகஸ்ட் செப்டம்பர்ல வெயில் ஏற ஏற காயி 'டப்பு டப்பு'ன்னு வெடிச்சு கொட்டை தூரமா தெறிச்சு விழும், ஒரு காயில மூணு கொட்டை. தீபாவளிக்கு முன்னாடியே விழுந்துருதுன்னா நமக்கு இத விட வசதி என்ன வேணும். பொறுக்கிட்டு வந்து கழுவி நாலஞ்சு நாள் நல்ல வெயில்ல காய வைக்கணும், இல்லன்னா பூச்சி புடிச்சுரும். அப்புறம் ஒரு சொட்டு தேங்கா எண்ணெய்ய துணியில தொட்டு தொடச்சுப் பாருங்க, பழுப்பு நெறத்துல சாம்பல் புள்ளி போட்டு மினுமினுன்னு வந்துரும். மூணு கொட்டைய நெருக்கமா வச்சு சூடான பசையில ஒட்டுங்க, நடுவுல ஒரு இடுக்கு விழும் பாருங்க, அதுல அட்டைய சொருகுனா ஆடாம நிக்கும். பசை துப்பாக்கிய பெரியவங்க புடிங்க, புள்ளைங்க கிட்ட குடுத்துராதீங்க. இன்னொன்னு கண்டிப்பா சொல்லணும், பச்சைக் கொட்டையில சயனைடு வகை நஞ்சு இருக்கு, அதனால கைக்குழந்தைங்க வாயில வைக்காம பாத்துக்கங்க, ஓட்ட ஒடச்சு பருப்ப தின்ன விடாதீங்க.

ஒரு மரத்துல விழுற கொட்டை எல்லாத்துக்கும் ஒரே மாதிரி புள்ளிதான் இருக்கும், அடுத்த மரத்துக்கு வேற மாதிரி. கொட்டையோட ஓடு தாய் மரத்துல இருந்து வர்றது, அதனால அப்படி. தோட்டத்துல அனுபவம் உள்ளவங்க கொட்டைய கையில வாங்கிப் பாத்தே இது ஆர்.ஆர்.ஐ.எம். 600ங்கற ரப்பர் சாதி, இது வேற சாதின்னு சொல்லிருவாங்க. எங்க அம்மா பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டுனவங்க, காலங்காத்தால பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்குற எடத்துக்கு போயி, நெத்தியில லைட்ட கட்டிக்கிட்டு நெரையில, மர வரிசையில எறங்குனவங்க. பேரப்புள்ளைங்க ஒரு கூடை கொட்டைய தரையில கொட்டுனப்ப அம்மா கீழ உக்காந்து, புள்ளிய பாத்துப் பாத்து தனித்தனி குவியலா பிரிச்சாங்க, ஒரு வார்த்தை பேசல, கையி தானா போவுது. சின்னவன் அப்படியே வாயப் பொளந்து பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் அவனா கேட்டான், பாட்டி நீங்க எத்தன மரம் வெட்டுவீங்க, இருட்டுல பயமா இருக்காதா, மங்குக் கிண்ணத்துல பால் நெறைய எவ்ளோ நேரம் ஆவும், மழ வந்தா என்னா செய்வீங்கன்னு. நானும் எத்தனையோ தடவ அந்தக் கதைய அவனுக்கு சொல்லிப் பாத்துருக்கேன், காதுலயே வாங்கல. கையில கொட்டைய வச்சுக்கிட்டு அவங்க கிட்டயே கேட்டப்பதான் அவனுக்கு ஏறுச்சு.

அந்த கொட்டைக்கு ஒரு சரித்திரமும் இருக்கு, அதையும் புள்ளைங்களுக்கு சொல்லுங்க. 1876-ல பிரேசில்ல இருந்து ஹென்றி விக்கம்ங்கற ஆளு 70,000 கொட்டை கிட்ட கப்பல்ல லண்டன் கியூ தோட்டத்துக்கு கொண்டு போனாரு, மொளைச்சது கொஞ்சம்தான். அதுல இருந்து 1877-ல சிங்கப்பூருக்கு 22 கன்னு வந்துச்சு, அதுல கொஞ்சத்த நம்ம பக்கத்து ஊரு கோலகங்சார்ல நட்டாங்க. அந்த மரத்துல ஒன்னு இன்னிக்கும் அங்க நிக்குது. தீபாவளி லீவுல புள்ளைங்கள கூட்டிட்டுப் போயி காட்டுங்க, காடியில அரை மணி நேரந்தான். நம்ம தாத்தா பாட்டி தோட்ட வேலைக்கு கப்பலேறி வந்ததுக்கு அந்த மரமும் ஒரு காரணம்.

இறந்து போனவங்களுக்கு அட்டை எழுதலாமான்னு ஒருத்தங்க என் கிட்ட கேட்டாங்க. எங்க வீட்டுல எழுதுறோம், ஆனா சாப்பாட்டு மேசையில வைக்கிறதில்ல, மொத நாள் ராத்திரி படையல் போடுறப்ப எலைக்குப் பக்கத்துல வைக்கிறோம். தாத்தா பேர புள்ளைங்க ஒரு தடவையாவது கையால எழுதுறது நல்லதுதானே. உங்க வீட்டு வழக்கம் எப்படியோ அப்படி செய்ங்க.

அடுத்தது தட்டு. செம்பனையில பழக் குலை அறுக்கறப்ப மட்டைய வெட்டி நெரைக்கு நடுவுல அடுக்கி வச்சுருப்பாங்க, பாத்துருப்பீங்க. ஒரு மட்டையில 200, 300 ஓலை இருக்கும், ஒவ்வொரு ஓலைக்கும் நடுவுல ஒரு ஈர்க்கு. நம்ம ஆளுங்க அதுல தொடப்பம் கட்டுவாங்க, அதோட சரி. எங்க தெருவுல ஒரு இந்தோனீசியா அக்கா இருக்காங்க, அவங்கதான் அந்த ஈர்க்குல தட்டு பின்ன எங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க. நாலஞ்சு ஈர்க்க ஒரு கட்டா புடிச்சு, கட்டு மேல கட்டா குறுக்க வச்சு நடுவுல ஒரு பூ மாதிரி வட்டம் போட்டுக்கிட்டு, அப்புறம் ஒவ்வொரு கட்டையும் பக்கத்து கட்டுக்கு மேலயும் கீழயும் விட்டு விட்டு சுத்தி வரணும், விளிம்புல வரும்போது நுனிய உள்ளார மடக்கி சொருகி விட்டா தட்டு தானா குழிஞ்சுக்கும். கேக்க கஷ்டமா இருக்கும், பக்கத்துல உக்காந்து ஒரு தடவ பாத்தா வந்துரும். ஈர்க்கு ரொம்ப காஞ்சுருந்தா ஒடியும், பச்சையாவும் இருக்கக்கூடாது, லேசா தண்ணி தெளிச்சுக்கிட்டே பின்னணும்.

மட்டையோட அடியில முள்ளு கத்தி மாதிரி இருக்கும், அதனால வெட்டி எடுக்குற வேலை பெரியவங்க வேலை, தோட்டத்துக்குள்ள போறதுன்னா அங்க உள்ளவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போங்க. பின்னுன தட்டுக்கு வார்னிஷ் அடிக்காதீங்க, சாப்பாட்டுக்கு வச்சுக்கப் போறோம். நல்லா கழுவி காயவச்சு மேல வட்டமா நறுக்குன வாழ எலய போட்டு முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை வச்சுப் பாருங்க, அந்த மேசைக்கு ஒரு களை வந்துரும். குழம்பு ஊத்துற எடத்துக்கு வேணாம், காஞ்ச பலகாரத்துக்கு மட்டும் போதும். அந்த அக்காவ தீபாவளி ராத்திரி நாங்க மேசைக்கு கூப்பிட்டோம், அவங்களுக்கும் ஒரு பேரு அட்டை இருந்துச்சு, 'ரோஸ்மா அக்கா'ன்னு வச்சுக்கங்களேன், பேர நான் மாத்தி சொல்றேன். அவங்க அத எடுத்து பர்சுல வச்சுக்கிட்டாங்க.

தோரணத்துக்கு குருத்தோலை வேணும், அது வீட்டுப் பெரிய ஆம்பளைங்க கையில விட்டுருங்க, கோயில் திருவிழாவுக்கு மடிச்ச கை அவங்க கை, அவங்களுக்கும் உக்காந்து செய்ய ஒரு வேலை வேணும்ல. நல்ல காரியத்துக்கு மடிக்கிறது வேற, சாவு வீட்டுக்கு மடிக்கிறது வேற, இது இப்ப உள்ள புள்ளைங்களுக்கு தெரியல, அதனால கண்டிப்பா தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கணும். மேசை ஓரத்துல தொங்க விடுறதுக்கு கிளி மட்டும் மடிச்சா போதும், அன்னிக்கு காலையிலேயே மடிங்க, ராத்திரிக்குள்ள வாடிரும்.

அரிசிக் கோலத்த மேசை மேல போடாதீங்கன்னுதான் சொல்லுவேன், யாராவது கைய வச்சா சாயம் போட்ட அரிசி சோத்துல விழுந்துரும். அத வாசல்ல போடுங்க. மேசைக்கு நடுவுல அகல் வெளக்கு போதும், கோலசிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தான்ல நம்ம ஆளுங்க இன்னமும் மண்ணுல செய்றாங்க, அந்தப் பக்கம் போறவங்க வாங்கிட்டு வாங்க. வெளக்குக்கு கீழ ஒரு பழைய தாம்பாளத்த வச்சு அதுல தண்ணி ஊத்தி, ரெண்டு செம்பருத்தி. தோரணமும் அட்டையும் வெளக்குக்கு பக்கத்துல வரக்கூடாது, ஓலையும் தாளும் சட்டுன்னு புடிச்சுக்கும்.

பாசார் மாலாம்ல, ராத்திரி சந்தையில, 10 ரிங்கிட்டுக்கு பிளாஸ்டிக் தோரணம் கெடைக்குதே, எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்னு கேக்குறாங்க. ஷிப்டு வேலை செய்றவங்க, பேக்டரியில ஓவர்டைம் பாக்குறவங்க அப்படி கேட்டா நான் கோவப்பட மாட்டேன், நேரம் இல்லங்கறது நெஜம். வாசலுக்கு பிளாஸ்டிக்கே கட்டிக்கங்க. மேசைக்கு மட்டும் அந்த பேரு அட்டைய செய்ங்க, தட்டு, தோரணம் எல்லாத்தையும் விட்டுருங்க, அட்டை ஒன்னு போதும். அத புள்ளைங்க எழுத, பெரியவங்க ஒருத்தங்க பக்கத்துல உக்காரட்டும். வேலைக்கு போற அப்பா அம்மா இல்லன்னாலும் வீட்டுல பாட்டி இருக்காங்கல்ல.

கடைசியா அட்டைய அழகு பண்றதுக்கு ஒன்னு சொல்லிட்டு முடிச்சுக்குறேன், ஏன்னா அதுக்கு நாள் எடுக்கும். முத்துன ரப்பர் எலைய, பூச்சி அரிக்காததா பாத்து, ஒரு வாளி தண்ணியில போட்டு ஊற வைங்க. எலையோட சதை அழுகி வழவழன்னு ஆகும், நாத்தம் அடிக்கும், அதனால வீட்டுக்கு பின்னாடி வைங்க, கொசு வராம மூடி போட்டு வைங்க, ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணிய மாத்துங்க. சதை கழண்டு வர்ற பதம் வந்ததும் ஒரு தட்டுல வச்சு பழைய பல் பிரஷால மெதுவா, நடு நரம்புல இருந்து வெளிப்பக்கமா தேய்ச்சா பச்சை எல்லாம் போயி நரம்பு மட்டும் வலை மாதிரி நிக்கும். கழுவி, புத்தகத்துக்கு நடுவுல தாள் வச்சு அமுக்கி காயவைங்க, வேணும்னா கேக்குக்கு போடுற கலர் தண்ணியில முக்கி எடுங்க. அந்த எலைய அட்டையில ஒட்டி அதுக்குப் பக்கத்துல பேர எழுதணும். எல ஊறுறதுக்கே மூணு வாரம் கிட்ட ஆவும், அப்புறம் காயணும், ஒட்டணும், எழுதணும். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்குன்னு தள்ளிப் போட்டா நேரம் பத்தாது, இந்த சனி ஞாயித்துலயே எலையப் பறிச்சு ஊறப் போட்டுருங்க. நன்றி, வணக்கம்.