முத்தம் கேட்டு வீடு வீடா வர்றாங்களே, அது வேஷமா? – ஹங்கர்ஃபோர்டு பத்தி ஒரு நேயர் கேள்வி

அடுத்த கேள்விக்கு வருவோம். போன வீடியோவுல இங்கிலாந்துல பெர்க்‌ஷயர் பக்கம் இருக்கிற ஹங்கர்ஃபோர்டுங்கிற சந்தை ஊரைக் காட்டியிருந்தோம். அதுல கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட ரெண்டு பேரு, பூவும் ரிப்பனும் சுத்தி உச்சியில ஆரஞ்சுப் பழம் செருகின கம்பைத் தூக்கிட்டு, வீடு வீடாப் போய் முத்தம் கேட்டாங்கல்ல? அதைப் பார்த்துட்டு ஒரு நேயர் கேக்குறாரு: "இது டூரிஸ்ட்டுக்காகப் போடுற வேஷமா, இல்ல பின்னாடி நெசமாவே ஏதாவது இருக்கா சார்?"

இருக்குங்க. பின்னாடி இருக்கிறது சொத்து. முத்தமெல்லாம் அதுல ஒரு ஓரம்தான்.

14-ஆம் நூற்றாண்டுல இந்த ஊரு ஜான் ஆஃப் கான்ட்டுங்கிற பிரபு கையில இருந்துச்சு. மூணாம் எட்வர்டு மன்னரோட மகன், லங்காஸ்டர் டியூக். கென்னெட் ஆத்துல மீன் பிடிக்கிற உரிமையும், ஊரை ஒட்டின மேய்ச்சல் நிலத்துல மாடு விடுற உரிமையும் அவர்தான் ஊர்க்காரங்களுக்குக் கொடுத்தாருன்னு அங்க சொல்லிட்டு வர்றாங்க. இந்த மீன் உரிமையைச் சாதாரணமா நினைக்காதீங்க. கென்னெட் சுண்ணாம்புப் பாறையில ஊறி வர்ற தண்ணி, கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். ட்ரவுட் மீனுக்குப் பேர்போன ஆறு. இங்கிலாந்துல அந்த மாதிரி ஆத்துல தூண்டில் போடுறது பணக்காரங்க விளையாட்டு. இங்க அந்த உரிமை கடைவீதியில குடியிருக்கிறவங்ககிட்ட இருக்கு.

சும்மா விட்டுடுவாங்களா? முதலாம் எலிசபெத் ராணி காலத்துல, பட்டயம் எங்க, காட்டுங்கன்னு வழக்கு வந்துச்சு. பட்டயம் திருடு போயிடுச்சுன்னு ஊர்க்காரங்க சொன்னாங்க. ஆனாலும் விட்டுக்கொடுக்கல. அடுத்து வந்த ஜேம்ஸ் மன்னர் காலத்துல, ஊர்ப் பெரியவங்க சிலரை அறங்காவலரா வச்சு, அவங்க பேர்லயே மேனர் உரிமையை எழுதி வாங்கிட்டாங்க. மேனர்னா ஒரு பிரபுவோட ஆளுகைக்கு உட்பட்ட நிலம், அதோட உரிமைகள் எல்லாம் சேர்த்து. அதாவது ஊருக்கு ஜமீன்தார் யாருன்னு கேட்டா, ஊரேதான்! 1634-ல செஞ்ச ஒரு பித்தளை ஊதுகொம்பு இன்னும் இருக்கு. அதுமேல மீன் உரிமை எந்த இடத்துல ஆரம்பிச்சு எந்த இடம் வரைக்கும்னு எல்லையோட பொறிச்சிருக்காங்க. காகிதம் காணாமப் போன ஊருல பித்தளையில எழுதி வச்சது புத்திசாலித்தனம்தானே?

1908-ல இதெல்லாம் முறைப்படி ஒரு அறக்கட்டளையாச்சு. டவுன் அண்ட் மேனர் ஆஃப் ஹங்கர்ஃபோர்டுன்னு பேரு. ஆறு, மேய்ச்சல் நிலம், 1871-ல கட்டின டவுன் ஹால் எல்லாம் அவங்க பொறுப்புலதான். உரிமை ஆளுக்கு இல்ல, வீட்டுக்கு. பழைய ஊருக்குள்ள ஏறக்குறைய நூறு வீட்டுக்கு அந்த உரிமை ஒட்டியிருக்கு. வீட்டை வித்தா வாங்குறவருக்குப் போயிடும்.

இப்ப முத்தத்துக்கு வர்றேன். ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டாவது செவ்வாய்க்கிழமை ஹாக்டைடுன்னு சொல்லுவாங்க. ஒரு காலத்துல இங்கிலாந்து முழுக்க இருந்த நாள், இன்னைக்கு இந்த ஊருலதான் நிக்குது. காலையில 8 மணிக்கு டவுன் ஹால் மாடத்துல இருந்து கொம்பு ஊதுவாங்க. மணியடிக்கிறவரு தெருத்தெருவாப் போய், உரிமைக்காரங்க எல்லாரும் கோர்ட்டுக்கு வாங்க, வரலைன்னா அபராதம்னு கூவுவாரு. அபராதம் எவ்வளவு? ஒரு பென்னி! ஆனா வரவும் இல்ல, அதையும் கட்டலைன்னா அந்த வருஷத்துக்கு உரிமை போச்சு.

கோர்ட்டுன்னா வழக்கு நடக்கிற இடம் இல்ல, உரிமைக்காரங்க கூடுற வருஷக் கூட்டம். அதுல வருஷக் கணக்கு வைப்பாங்க, பொறுப்புக்கு ஆள் தேர்ந்தெடுப்பாங்க. தலைவருக்கு கான்ஸ்டபிள்னு பேரு, போலீஸ்னு நினைச்சுக்காதீங்க. மேய்ச்சல் நிலத்துக்கு மேற்பார்வைக்காரங்க, ஆத்துக்கு ஆளு, பெட்டிச் சாவிக்கு ஆளு, ஏல் பியர் ருசி பார்க்கவும் ஆளு. கடைசிப் பதவிக்குத்தான் போட்டின்னு நினைக்கிறேன்.

அந்தக் கம்புக்காரங்களுக்கு டட்டி மென்னு பேரு. அந்தக் காலத்துல ஊருக்குக் காவல் பார்த்து, வீட்டுக்கு வீடு தலைக்காசு ஒரு பென்னி வாங்கினவங்களோட வழிவந்த பதவின்னு சொல்றாங்க. நம்ம ஊர்த் திருவிழாவுல தலைக்கட்டு வரி வாங்குவோமே, கிட்டத்தட்ட அதுதான். காசு இல்லைன்னா முத்தம்னு எப்ப மாறுச்சோ, இப்ப முத்தம்தான் முதல்ல. கூடவே தொப்பியில இறகு வச்ச ஆரஞ்சுக்காரரு வருவாரு, முத்தம் கொடுத்தவங்களுக்கு ஒரு பழம் தருவாரு. மாடியில நின்னாக்கூட தப்பிக்க முடியாது, ஏணி போட்டு ஏறிடுவாங்க. மதியச் சாப்பாட்டுல இன்னொரு கூத்து: புதுசா வந்தவங்களைப் பிடிச்சு உக்கார வச்சு, கொல்லர் அவங்க ஷூவுல ஆணி அடிப்பாரு. "பஞ்ச்!"னு கத்தினாத்தான் விடுவாரு. அப்படிக் கத்திட்டா எல்லாருக்கும் பஞ்ச் வாங்கித் தரணும், குடிக்கிற பஞ்ச்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். ஹங்கர்ஃபோர்டுன்னு தேடினா உங்களுக்கு முதல்ல வர்றது 1987 ஆகஸ்ட் 19-தான். ஒருத்தன் துப்பாக்கியால 16 பேரைக் கொன்ன நாள். அதனாலதான் அடுத்த வருஷமே அரைத் தானியங்கி ரைஃபிள்களைத் தடை பண்ணி சட்டம் வந்துச்சு. அதை மட்டும் வச்சு ஊரைப் பேசுறது நியாயமில்லைங்கிறது என் கருத்து. அதனாலதான் போன வீடியோவுல அதை எடுக்கல, மறைக்கணும்னு இல்ல.

போய்ப் பார்க்கலாமான்னும் அவரே கேட்டிருக்காரு. தாராளமா. லண்டன் பேடிங்டன்ல இருந்து ரயில் இருக்கு, சில வண்டிக்கு நியூபரியில மாறணும். ஹாக்டைடு அன்னைக்குப் போனா ஹை ஸ்ட்ரீட்டுல நின்னாலே போதும், கம்பு உங்களைத் தேடி வரும். சும்மா ஊர் பார்க்கணும்னா புதன்கிழமை போங்க, சந்தை நாள். காரை எடுத்துட்டு மேய்ச்சல் நிலத்து வழியாப் போறவங்க மட்டும் மெதுவாப் போங்க, ரோட்டுக்கு வேலி கிடையாது, மாடு நடுவுல நிக்கும்.